பரிசுத்த ஆவி இல்லாத பயறு

உள்ளே வாருங்கள் அண்ணாச்சி. செருப்பைக் கழற்ற வேண்டாம். இந்த வீட்டைப் பெருக்கி ஒன்பது நாளாகிறது, கழற்றினால் உங்கள் காலில்தான் மண் ஒட்டும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். அடுப்பையும் பார்த்துக்கொண்டு உங்களோடும் பேச எனக்கு இதுதான் வசதி.

நீங்கள் யாரென்று தெரியும். உவரி கொரைரா. உங்கள் மகனுக்குத்தான் என் மச்சினன் கஸ்பாரின் மகள் ரெக்சலினைப் பேசி முடித்திருக்கிறது. கோயிலில் கலியாண அறிவிப்பு, முதல் ஓலை, நேற்று வாசித்தாகிவிட்டது. எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். பத்திரிகை கொடுக்க என்றால் வீட்டம்மாவோடு வந்திருப்பீர்கள். தனியாக, காலை பத்து மணிக்கு, தெருவில் இரண்டு பேரிடம் வீடு விசாரித்து வந்திருக்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். கலியாணச் சாப்பாட்டைப் பெண்ணின் அப்பனே ஆக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் கறியைத் தின்று நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊரெல்லாம் கேட்பதைவிட நடந்த வீட்டிலேயே கேட்டுவிடலாம் என்று வந்துவிட்டீர்கள். நல்ல காரியம். உங்கள் பக்கத்திலிருந்தே அறுநூறு பேர் வந்து சாப்பிடப் போகிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

நடந்தது இந்த வீட்டில்தான். சொல்லுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல அது போதும்.

நான் கப்பலில் சமையல்காரன். இருபத்தாறு வருஷம். சந்தியாகு மொத்தா கையால் சாப்பிட்டு எத்தனையோ தேசத்து மாலுமிகள் பிழைத்திருக்கிறார்கள். ஒருவனுக்கும் வயிறு வலித்ததில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அமெரிக்காவில், லூசியானா என்று ஒரு சீமை, அங்கே ஒரு பெரிய ஆற்றுத் துறைமுகத்தில் எஞ்சின் கெட்டு எங்கள் கப்பல் நாலு மாதம் கிடந்தது. கரையில் மாலுமிகளுக்கென்று கோயில்காரர்கள் நடத்தும் ஒரு விடுதி இருந்தது. அதன் சமையலறையில் ஓடில் என்று ஒரு அம்மாள். கேஜன் என்று அவள் சாதிசனத்தைச் சொல்லுவார்கள். பிரெஞ்சும் இங்கிலீசும் கலந்து பேசுவார்கள். சதுப்பு நிலத்துக்காரர்கள். இறால், நண்டு, மீன் என்றால் நம்மை மாதிரியே உயிரை விடுவார்கள். எனக்கு அவள் பேச்சு விளங்காது, அவளுக்கு என் பேச்சு விளங்காது. வெங்காயம் நறுக்கப் பாஷை எதற்கு?

அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் சிவப்புப் பயறும் சோறும்தான். முன்காலத்தில் திங்கட்கிழமை துணி துவைக்கிற நாளாம். பெண்கள் பயறை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போய்விடுவார்கள். அது பாட்டுக்கு மெல்ல மெல்ல வெந்து கிடக்கும்.

வெங்காயம், குடைமிளகாய், அப்புறம் செலரி என்று ஒன்று. கொத்தமல்லிக் கீரையைத் தண்டு தடிக்க விட்ட மாதிரி இருக்கும். இந்த மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்கும்போது ஓடில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். அந்த மூன்றுக்கும் அவர்கள் ஊரில் பேரே பரிசுத்த திரித்துவம். வெங்காயம் பிதா. குடைமிளகாய் சுதன். செலரி பரிசுத்த ஆவி. அவர்கள் அதை விளையாட்டாகச் சொன்னார்களோ என்னவோ, நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகாய்த்தூள், புகை போட்ட பன்றிக்கறி. கடைசியில் பயறு. அது பெரிய பெரிய டின்னில் வரும், வெட்டிக் கவிழ்த்துவிடுவாள். அதற்குமேல் தீயைத் தணித்துவிட வேண்டும். கொதிக்கக் கூடாது. பானை முனகலாம், பேசக் கூடாது. ஓடில் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். இறக்குவதற்கு முன்னால் கொஞ்சம் பயறைப் பானையின் ஓரத்தில் வைத்து அகப்பையால் நசுக்கிவிட்டால் குழம்பு திரண்டு வரும். வெள்ளைச் சோற்றில் ஊற்றித் தின்றால் மதியம் எழுந்திருக்கத் தோன்றாது. நாலு மாதம், பதினேழு திங்கட்கிழமை. கையைப் பார்த்தே படித்துக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டு வயதில் கப்பலை விட்டு வந்தேன். வந்த முதல் வாரமே தேக்ளாவிடம், என் பெண்டாட்டியிடம், சிவப்பு பீன்ஸ் வாங்கி வா என்றேன். அவள் நாலு கடை அலைந்து, பச்சை பீன்ஸிலேயே முற்றிச் சிவந்ததாகப் பொறுக்கி வாங்கி வந்தாள். அப்புறம்தான் அதற்குக் கடையில் ராஜ்மா என்று பேர் தெரிந்தது. செலரி தூத்துக்குடியில் கிடைக்கவில்லை. கொத்தமல்லித் தண்டைப் போட்டேன். ருசியில் பெரிய வித்தியாசமில்லை.

எட்டு வருஷம், திங்கள் தவறாமல் ஆக்கினேன். முந்தின நாள் ஊற வைப்பது தேக்ளா. காலையில் நான் பூசைக்குப் போய், சவரம் செய்துகொண்டு திரும்புவதற்குள் பயறைக் கழுவி வடித்து வைத்திருப்பாள். மீதி எல்லாம் நான். குக்கர் என் பானை பக்கத்தில் வரக் கூடாது என்பது என் சட்டம். பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் குக்கர். தெருவில் எல்லாரும் கிண்ணத்தோடு வருவார்கள். கப்பல்காரர் பயறு என்றே அதற்குப் பேர்.

இந்த வீட்டைக் கட்டி முடித்தது பதினோரு வருஷம் முன்னால். ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை, புது வீட்டை ஆசீர்வதிக்கச் சாமியாரை அழைத்து வீடு மந்திரிப்பு வைத்தேன். நாற்பது பேருக்கு விருந்து. இப்போது கஸ்பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் தேக்ளாவின் தம்பி. அப்போது அவன் கலியாண வீட்டுச் சமையல் மாஸ்டர். ஆயிரம் பேருக்கு ஆக்குவான், ஒரு கரண்டி மிஞ்சாது, ஒரு கரண்டி குறையாது. நான் வீடு மந்திரிப்பு என்று யாரிடம் சொன்னாலும் அவர்கள் முதலில் கேட்டது, கஸ்பார்தானே ஆக்குகிறான் என்று. நினைத்துப் பாருங்கள். இருபத்தாறு வருஷம் கடலில் சமைத்தவன் வீட்டில், அவன் சொந்த வீட்டில், இன்னொருத்தன் வந்து அகப்பை பிடிப்பதா? நீ கறியை மட்டும் வாங்கிப் புகை போட்டுக் கொண்டு வா, போதும் என்று சொல்லிவிட்டேன். சரி அத்தான் என்றான். அவன் எதற்கும் சரி அத்தான் என்பான். அதுவே எனக்குப் பிடிக்காது.

அன்றைக்கு விடிந்ததும் முற்றத்தில் விறகடுப்பு மூட்டி அண்டா ஏற்றினேன். ஐந்து கிலோ பயறு, ஊறியது. தேக்ளாவுக்கு அன்றைக்கு அடுப்பங்கரைப் பக்கம் வர நேரமில்லை, வந்தவர்களைக் கவனிக்கவே சரியாக இருந்தது. பங்குச் சாமியார் சீக்கிரமே வந்துவிட்டார், இதோ இந்த இடத்தில்தான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் திரித்துவத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. அவரும் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து கஸ்பார் கறிச் சட்டியோடு வந்தான். அண்டாவை எட்டிப் பார்த்தான்.

"அத்தான், செலரிய எங்க காணோம்?"

இங்கே எங்கேடா கிடைக்கும் என்றேன்.

"அப்ப பரிசுத்த ஆவி இல்லாமலா வீடு மந்திரிக்கப் போறிய?"

சாமியார் சிரித்தார் பாருங்கள், மூக்கு வழியாகக் காப்பி வந்துவிட்டது. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தட்டு அடுக்கிக்கொண்டிருந்த தேக்ளாவும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், ஆனால் நான் பார்த்துவிட்டேன். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

கால்மணி நேரம் கழித்து, சிரித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போன பிறகு, அவன் என் காதருகில் வந்தான். அப்போது கேலி இல்லை, மெதுவாகத்தான் பேசினான்.

"கோவிச்சுக்கிடாதிய அத்தான். இந்தப் பயறு நல்லா தளதளன்னு கொதிக்காம அடங்காது. என் பெரிய குக்கர் வண்டியிலதான் கெடக்கு. தவணை தவணையா நாலு விசில் விட்டு உங்க அண்டாவுல தட்டிருவோம். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாதாம். அத்தனை பேரையும் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டு, இப்போது யாருக்கும் தெரியாமல் எனக்கு உதவி செய்ய வருகிறான். அண்ணாச்சி, அந்தக் கேலியை அவன் செய்யாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை சரி என்றிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் யோசித்தாவது இருப்பேன்.

"பானை என்னுது, தீ என்னுது. கறிய வச்சிட்டு வெளிய போ லே" என்றேன்.

சரி அத்தான் என்றான். போய்விட்டான்.

பன்னிரண்டரைக்குப் பந்தி. எல்லாரும் இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றார்கள். பயறு கொஞ்சம் கடிபடுகிறதே என்று ஒருத்தி சொன்னாள், அமெரிக்காவில் அப்படித்தான் என்றேன். மூன்று மணிக்கு முதல் ஆளாகச் சாமியார் எழுந்து முற்றத்து ஓரத்துக்கு ஓடினார். அப்புறம் ஒவ்வொருவராக. பிள்ளைகள், கிழவிகள், கொத்தனார், ஆசாரி. நானும்தான். புது வீடு. சுவரில் சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. இரண்டு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாவு இல்லை, மாதாவுக்கு நன்றி. மறுநாள் எல்லாரும் தெளிந்துவிட்டார்கள்.

அங்கே ஒரு டாக்டர், சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை. என்ன தின்றீர்கள் என்று கேட்டான். சொன்னேன். பயறு கொதித்ததா என்றான். கொதிக்க விடக் கூடாது தம்பி, அதுதான் பக்குவம் என்றேன். இந்தப் பயறில் ஒரு நஞ்சு இருக்கிறது, பத்து நிமிஷமாவது நன்றாகக் கொதித்தால்தான் போகும், இளஞ்சூட்டில் கிடந்த அரைவேக்காடு பச்சைப் பயறைவிட மோசம் என்றான். எட்டு வருஷமாகத் தின்கிறேனே, அதற்கு என்ன சொல்லுகிறாய் என்று கேட்டேன். அவன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான்.

பதில் தேக்ளாவிடம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க பூசைக்குப் போனதும் நான் குக்கர்ல வேக வச்சு எடுத்துத்தான் கழுவி வச்சிருப்பேன். எட்டு வருசமா அப்படித்தான். முதல் தடவையே பயறு வேகாமக் கெடந்துச்சு. சொன்னா வருத்தப்படுவியன்னு சொல்லல."

நான் என்ன நினைப்பேன்? கறிமேல் பழி வரக் கூடாதென்று, தம்பியைக் காப்பாற்ற இப்படிச் சொல்லுகிறாள் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? இந்தப் பேச்சை இன்னொருமுறை எடுக்காதே என்றேன். அவள் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். என்ன மொத்தா, என்னத்தைப் போட்டீர் என்று ஒருவன் சிரித்துக்கொண்டு கேட்டான். மறுபடியும் அந்தச் சிரிப்பு. நான் சத்தமாகவே சொன்னேன், என் மச்சினன் கெட்ட கறியைக் கொண்டு வந்து போட்டுவிட்டான் என்று. கஸ்பார் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். கையில் ரெக்சலினைத் தூக்கி வைத்திருந்தான். இல்லை, தூக்கி வைக்கிற வயதில்லை அவளுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும். அவன் வாயே திறக்கவில்லை. குற்றம் இல்லாதவன் வாயைத் திறக்க மாட்டானா? அந்த வருஷம் முழுக்க இதையே எல்லாரிடமும் கேட்டேன்.

அதன்பிறகு அவனை யாரும் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை. நான் போய் யாரிடமும் கூப்பிடாதே என்று சொல்லவில்லை. அவன் பாத்திரங்களை விற்றுவிட்டு ஒரு உப்பளத்துக் காண்டீனில் டீ போடப் போய்விட்டான். இன்றைக்கும் டீதான் போடுகிறான். நேற்று ஓலை வாசித்தபோது பார்த்திருப்பீர்கள், தூணுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டான்.

திங்கட்கிழமைப் பயறு மட்டும் நிற்கவில்லை. பதினோரு வருஷமும் தேக்ளா ஊற வைத்தாள். நான் பூசைக்குப் போனேன். ஒன்று சொல்லுகிறேன், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பூசை முடிந்து சவரமும் ஆனதும் முன்பெல்லாம் நேரே வீட்டுக்கு வருவேன். அந்த விருந்துக்குப் பிறகு நேரே வருவதில்லை. மீன் ஏலம் நடக்கிற இடம் வரை போய், சும்மா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கால்மணி அரைமணி தாமதித்துத்தான் வருவேன். வாசலில் இருமிவிட்டு நுழைவேன். ஏன் என்று கேட்காதீர்கள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்லுகிறார்கள்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை கஸ்பார் வந்தான். பதினோரு வருஷத்தில் முதல்முறை. உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"மகளுக்கு என் கையால ஆக்கணும்னு இருக்கு அத்தான். மாப்பிள்ள வீட்டுல வந்து உங்ககிட்ட கேட்டா..." என்றான்.

"கேட்டா நடந்ததச் சொல்லுவேன்" என்றேன்.

சரி அத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் தெருமுனை திரும்பும் வரை தேக்ளா கதவருகில் நின்றாள். அப்புறம் உள்ளே வந்து இரண்டு சேலையை ஒரு பையில் போட்டாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று சொன்னாள்.

"சொல்லுங்க. நடந்ததத்தான் சொல்லணும். நடந்ததச் சொன்ன அன்னைக்கு நான் திரும்பி வாரேன்."

அவள் போன பிறகு அடுப்பங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். பரணில் கிடந்த பழைய குக்கரை எடுத்துக் கழுவி அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். என் சொந்த அடுப்பின் மேல். எவ்வளவு திமிர் பாருங்கள். எடுத்து மூலையில் வைத்தேன்.

போன திங்கட்கிழமை நானே ஆக்கினேன். பார்த்துவிடுவோம் என்றுதான். ஓடில் காட்டிக்கொடுத்தபடி. பயறு நானே ஊற வைத்தேன். பிதா, சுதன், கொத்தமல்லித் தண்டு. தீயைத் தணித்தேன். நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு கொதி வரவிடவில்லை. கறி போடவில்லை. வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு துண்டுகூடப் போடவில்லை அண்ணாச்சி.

ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். மூன்று மணிக்கு முற்றம் வரை போகக்கூட முடியவில்லை. அந்தச் சுவர் ஓரத்தில் கிடந்தேன். இருட்டும் வரை அங்கேயே கிடந்தேன். தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லை.

வயசு எழுபத்தொன்று, வயிறு பழசு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய் அப்படி நினைத்தேன். புதனும் அப்படித்தான் நினைத்தேன். வியாழக்கிழமை சும்மா படுத்திருந்தபோது ஓடில் டின்னை வெட்டிக் கவிழ்க்கிறது கண்ணுக்கு முன்னால் வந்தது. டின்னில் வருகிற பயறு வெந்த பயறுதானே? அவிக்காமலா அடைப்பார்கள்? இருபத்தாறு வருஷம் டின் வெட்டியவன் நான். இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். இல்லை, தெரியாமல் இல்லை. மீன் ஏலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இருங்கள், அது குக்கர்தான். ஏன் அப்படித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? மூன்றாவது விசில். இன்னும் ஒன்று வரட்டும். அப்புறம் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பானைக்கு மாற்றுவேன். நீங்கள் இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும். பயப்படாதீர்கள். முதல் வாய் நான் தின்கிறேன்.

சரி. நீங்கள் கேட்கத்தான் வந்தீர்கள். காலையில் நீங்கள் தெருவில் வருவதைச் சன்னலில் பார்த்தபோது வேறு மாதிரிச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சொல்லியிருந்தால் இந்நேரம் நீங்கள் உவரி பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். கறி நல்ல கறி. அன்றைக்குக் காலையில் அறுத்தது. தேங்காய்ச் சிரட்டையில் புகை போட்டிருந்தான், வாசம் தெருவரைக்கும் வந்தது. பானை என்னுடையது, தீ என்னுடையது. அவன் குக்கரைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டான், நான் வெளியே போகச் சொன்னேன். இதுதான் நடந்தது.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிப்பார்கள். பூசை முடிந்ததும் அதே முற்றத்தில் நின்று இதையே சொல்லுவேன். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். தனியாக நின்றால் எனக்கு வாய் வராது, வந்தாலும் வேறு எதையாவது சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். தேக்ளாவிடம் நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். அவள் அங்கே நின்று கேட்கட்டும். கஸ்பார் சிரிக்காமல் இருந்தால் நல்லது. சிரித்தாலும் சொல்லுவேன்.

கலியாணத்துக்கு அவனே ஆக்கட்டும். உங்கள் அறுநூறு பேரும் வயிறு நிறையத் தின்னட்டும், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்று, பிறகு சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது பாருங்கள். அவன் கைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் நின்று ருசி பார்க்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அவன்மேல் நான் சொன்ன குறைகளில் இது மட்டும் பொய்யில்லை.